முப்பத்திரண்டு குப்பிகள்

அத்தியாயம் 7

மூன்றாவது மருந்துக்கடையில்தான் அந்த 'ஊ' அகப்பட்டது.

கடைக்காரரின் தலைக்குப் பின்னால், தூசி படிந்த கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'வீட்டில் ஊசி போடப்படும்' என்று பச்சை மையில் எழுதி, கீழே ஒரு முகவரி. மேடம் கைப்பையிலிருந்து ஒரு கசங்கிய மருத்துவ அட்டையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அதிலும் பச்சை மை. 'ஊழியர் ரத்தப் பரிசோதனை' என்று வரிக்கு வரி எழுதியிருந்தது. இரண்டிலும் 'ஊ'வுக்குள் உட்கார வேண்டிய குட்டி எழுத்து வெளியே நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த எழுத்து வேலையை விட்டு ஓடப் பார்க்குது மேடம்," என்றான் ரேடியோ. "அச்சகத்துல இருந்தா ரெண்டு நாள் சம்பளம் பிடிச்சிருப்பேன்."

அவன் சட்டைப் பையில் மூன்று பொட்டலம் இருமல் மிட்டாய் இருந்தது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் இருக்க, நுழைந்த கடையிலெல்லாம் ஒரு பொட்டலம். இருமல்தான் இன்னும் வரவில்லை.

ரேடியோவுக்கு வயது நாற்பத்தொன்று. பதினாறு வருஷம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தவன். வாய் மூடாததால் அந்தப் பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. மேடமோ இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கிற பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஒரு நாள் ராஜினாமாவை நீட்டிவிட்டு, எதிர்த் தெருவிலேயே துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டினார். அவர் தள்ளுபடி செய்த கோரிக்கைகளில் நிஜமானவை எத்தனை என்று ரேடியோ ஒரே ஒரு முறை விளையாட்டாகக் கேட்டான். அன்றைக்கு அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் ஒரு தையல்காரி. அவள் கணவன் காலணித் தொழிற்சாலையில், அடித்தோலுக்குப் பசை தடவும் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். சேர்ந்த அன்று 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். கடைசி வரைக்கும் அவன் புதுசுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். பசையில் பென்சீன் இருந்தது, அது எலும்புக்குள் போய் ரத்தத்தைக் கெடுத்தது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வாய்வார்த்தையாகச் சொன்னார், எழுதித் தரவில்லை. அந்தப் பிரிவில் முப்பத்திரண்டு பேர். பதினொரு பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். முப்பத்திரண்டு குடும்பமும் சேர்ந்து நஷ்டஈட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை விசாரணை. இன்று செவ்வாய்.

கம்பெனி ஒரே ஒரு தாளைக் காட்டியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் ரத்தம் சோதிக்கப்பட்டது, எல்லோரும் நலம் என்று அதில் இருந்தது. மூலப் பதிவேடு எங்கே என்றால், தண்ணீர்த் தொட்டி உடைந்து நனைந்து போயிற்றாம். ஆனால் தொழிற்சாலையை மூடிய அன்று, மருத்துவ அட்டைகளை எழுதி வந்த நர்ஸம்மா ஒரு நீளப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனதைப் பசைப் பிரிவின் மேஸ்திரி பார்த்திருந்தார். அதற்கப்புறம் நர்ஸம்மா வீட்டைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

முகவரியை மறைக்கலாம், கைத்தொழிலை மறைக்க முடியாது என்பது மேடத்தின் கணக்கு. ஊசி போட்டே பழகிய கை எங்கே போனாலும் ஊசிதான் போடும் என்றார். அதனால்தான் மருந்துக்கடை மருந்துக்கடையாக இந்த அலைச்சல்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. யார் என்று குரல் கேட்டதும், மேடம் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டு, உடம்பு அசதி, சத்து ஊசி போடணும் என்று சொல்லிவிட்டான்.

கதவு திறந்தது. நர்ஸம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். அறையில் ஒரு கட்டில், எவர்சில்வர் தட்டு, பஞ்சுச் சுருள், வேகவைத்த ஊசிகளின் வாசனை. உட்காருங்க என்றார். ரேடியோ உட்கார்ந்தான். சட்டைக் கையை மடிங்க என்றார். ரேடியோ மேடத்தைப் பார்த்தான். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"வழக்குக்காக ரத்தம் சிந்தினவன்னு என் பேரை எழுதிக்கோங்க மேடம்," என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

நர்ஸம்மா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார். பிறகு, கையைக்கூடத் துடைக்காமல், நேராகக் கேட்டார்.

"கம்பெனி ஆளுங்களா, குடும்பத்து ஆளுங்களா?"

மேடம் மறைக்கவில்லை. தையல்காரி அனுப்பியதாகச் சொல்லி, புதுசின் மருத்துவ அட்டையைக் கட்டில்மேல் வைத்தார். நர்ஸம்மா அதைத் தொடவில்லை. பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, மழைத்தாளில் சுற்றிய புத்தகத்தை இழுத்தார்.

"கேட்டு வந்தா குடுக்கணும்னுதான் வெச்சிருக்கேன். ஆனா இங்கேயே உட்கார்ந்து படிங்க. படிச்சதுக்கு அப்புறம் வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

அதில் ஏதோ இருக்கிறது என்று மேடத்துக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும். ரேடியோவுக்குப் படவில்லை. பதிவேடு கைக்கு வந்துவிட்டது, பாதி வழக்கு முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான்.

அவன் வாசித்தான், மேடம் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிழை திருத்துகிறவர்களின் வாசிப்பு அது. ஏற்ற இறக்கமில்லாமல் எண் மேல் எண்ணாகப் போகும். வெள்ளை அணு என்ற கட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நாலாயிரத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று பக்கத்தின் அடியிலேயே போட்டிருந்தது.

முதல் பக்கத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒருவருக்கு ஒன்பதாயிரம், அடுத்தவருக்கு நாலாயிரத்து நூறு, இன்னொருவருக்கு ஆறாயிரத்துச் சொச்சம். ஐந்து பேருக்கு மூவாயிரத்தைச் சுற்றி. அந்த ஐந்து பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'வேலைக்குத் தகுதியில்லை'. அடுத்த பக்கத்தில் அந்த ஐந்து பெயர்களும் இல்லை. அவர்கள் இடத்தில் புது ஆட்கள் இருந்தார்கள். கடைசி வரியில், முப்பத்திரண்டாவதாக, புதுசின் பெயர்.

அந்தப் பக்கத்திலிருந்து எண்கள் மாறின. ஏழாயிரத்து இருநூறு. ஏழாயிரத்து முந்நூறு. ஏழாயிரத்து நூற்றைம்பது. ஏழாயிரத்து இருநூறு. முப்பத்திரண்டு பேருக்கும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் எல்லோருக்கும் ஆறாயிரத்து எண்ணூறு, எழுநூறு. அப்புறம் ஆறாயிரம். அப்புறம் ஐயாயிரத்து நானூறு.

ரேடியோவின் குரல் உயர ஆரம்பித்தது. ஆறாவது வருஷத்தில் முப்பத்திரண்டு பேரும் நாலாயிரத்துக்குக் கீழே. அதற்கு அடுத்த பரிசோதனையில் வெள்ளை அணு என்ற கட்டமே அச்சிட்ட படிவத்தில் இல்லை. நர்ஸம்மா பச்சை மையில் கையால் கோடு போட்டு எழுதியிருந்தார். கேட்டதற்கு, ஆபீஸிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் புதுப் படிவம் அனுப்பினார்கள் என்றார்.

ரேடியோ எழுந்தே நின்றுவிட்டான்.

"மாட்டினாங்க மேடம். எல்லாருக்கும் மாடிப்படி மாதிரி ஒண்ணா இறங்குது. பார்த்துட்டு ஆளை மாத்தல, பசையை மாத்தல. படிவத்தை மாத்தியிருக்காங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மேடம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. நாலாவது வருஷத்து முதல் பரிசோதனையை மறுபடி வாசிக்கச் சொன்னார். ரேடியோ வாசித்தான். அந்த ஒரு தடவை மட்டும் எண்கள் ஏறியிருந்தன. பதினாலாயிரம், பதினாலாயிரத்து இருநூறு, பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரம். முப்பத்திரண்டு பேருக்கும்.

மேடம் தையல்காரிக்கு போன் போட்டார். அந்த வருஷம் அந்த மாதத்தில் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று மட்டும் கேட்டார். தையல் இயந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது. அவள் யோசித்துச் சொன்னாள். கடைவாய்ப் பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கி, மூன்று நாள் காய்ச்சல். பல்லைப் பிடுங்கிய தேதிகூட அவளுக்கு நினைவிருந்தது. ஏனென்றால் ரத்தப் பரிசோதனைக்காக அந்த வீங்கிய கன்னத்தோடும் லீவு போடாமல் போனான். சாயங்காலம் வழக்கம்போலப் பை நிறைய மாதுளம்பழத்தோடு வந்தான்.

வழக்கம்போல என்றால் என்று மேடம் கேட்டார். ரத்தம் எடுக்கிற நாளில் பிரிவிலிருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு மாதுளம்பழம் வாங்கிக் கொடுப்பார்கள், ஏதோ அவர்களுக்குள் விளையாட்டு என்றாள் அவள்.

மேடம் போனை வைத்துவிட்டு, உடம்பில் சீழ் பிடித்தால் வெள்ளை அணு ஏறும் என்றார். ரேடியோ சொன்னான், பாதிச் சிரிப்போடு:

"ஒரு வாயில முப்பத்திரண்டு பல்லு வலிச்சா நம்பலாம் மேடம். முப்பத்திரண்டு வாயிலயும் ஒரே நாள்ல ஒரு பல்லு..."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் நர்ஸம்மாவைப் பார்த்தான்.

"முப்பத்திரண்டு குப்பி," என்றார் மேடம். "ஒரே கை."

நர்ஸம்மா தலையாட்டினார்.

அவர் அழுது கிழுது சொல்லவில்லை; மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி சொன்னார். முதல் பரிசோதனையில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஐந்து பேருக்கும் கம்பெனி வேறு பிரிவில் வேலை கொடுக்கவில்லை. இரண்டு பேர் அடுத்த தெருவில், ஜன்னல்கூட இல்லாத ஒரு பட்டறையில் அதே பசையைத் தடவப் போனார்கள். ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போய்விட்டார். அடுத்த பரிசோதனைக்கு முன்னால் மேஸ்திரியும் மற்றவர்களும் மருத்துவ அறைக்கு வந்து நின்றார்கள். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரில் ஒருத்தன் இதற்கு முன் பசையே தொடாதவன், இன்னும் பசை ஏறாத ரத்தம், எல்லோர் குப்பியிலும் அவன் ரத்தத்தை ஊற்றிவிடுங்கள் என்று கேட்டார்கள். நர்ஸம்மாவின் தம்பி அந்தப் பிரிவில்தான் இருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

புதுசு சிரித்துக்கொண்டே கையை நீட்டினானாம். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

"அப்புறம் அவருக்கே இறங்க ஆரம்பிச்சுதே," என்றான் ரேடியோ. "வேற ஆளை மாத்தியிருக்கலாமே."

"மாத்தலாம்னுதான் பார்த்தேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா எடுத்து, கம்பெனிக்குத் தெரியாம, பேர் போடாம வெளியில குடுத்துப் பார்த்தேன்." நர்ஸம்மா பஞ்சுச் சுருளை எடுத்து மறுபடி வைத்தார். "மூவாயிரத்துல இருந்தப்பவும் அவன் ரத்தம்தான் அந்தப் பிரிவுலேயே நல்ல ரத்தம்."

வேலையை விட்டுப் போய்விடு என்று அவனிடம் சொல்லியும் பார்த்தாராம். நான் போனால் அடுத்த தடவைக்கு என்ன செய்வீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். தம்பி போய் மூன்று வருஷம் ஆகிறது.

ரேடியோ விடவில்லை. யாருடைய ரத்தமாக இருந்தால் என்ன, கம்பெனி அதை முப்பத்திரண்டு பேரின் ரத்தம் என்று நம்பிக்கொண்டுதானே சும்மா இருந்தது, அதுவே குற்றம்தானே என்றான். மேடம் அவனைத் தடுக்காமல் கேட்டார். பிறகு, இந்தப் புத்தகம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் எழுதினவர் கூண்டில் ஏறி, இது நான் எழுதியது, இதில் இருப்பது உண்மை என்று சொல்ல வேண்டும் என்றார். நர்ஸம்மா உடனே சொன்னார், கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், எழுதின பொய்யே போதும் என்று.

"நான் ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சதை அவங்க டாக்டர் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார், ரேடியோ. அதோட முடிஞ்சுது. காப்பாத்தறதுக்காகத்தான் சோதனை வெச்சோம், இவங்கதான் ஏமாத்தினாங்கன்னு கம்பெனி கையைக் கழுவிடும்."

"அப்ப இதால யாருக்கும் பிரயோஜனம் இல்லையா?"

மேடம் பதிவேட்டை மழைத்தாளில் சுற்றினார். ஒருத்தருக்கு உண்டு என்றார். இந்தப் புத்தகத்தில் பதினோரு வருஷமும் ஒருத்தனுடைய ரத்தம் மட்டும் உண்மையாக எழுதப்பட்டிருக்கிறது. அவன் பெண்டாட்டி மட்டும் தனியாக வழக்கை நடத்தினால் நிச்சயம் ஜெயிப்பாள். மற்ற முப்பத்தொரு குடும்பமும் அந்த நிமிஷமே தோற்கும்.

இருபத்திரண்டு வருஷம் பொய்க் கோரிக்கை பிடித்த கண்; வேண்டாம் என்றாலும் அது பிடித்துவிடுகிறது. படிக்கட்டில் இறங்கும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரேடியோ முதல் தடவையாக அதைக் கவனித்தான்.

மறுநாள் காலையில் தையல்காரியின் வீட்டுக்குப் போனார்கள். முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைத் துணி. ஓரமாக ஒரு முக்காலியில் மேஸ்திரி உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். புதுசு ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவும் பகலும் கூட இருந்தவர் அவர்தான். இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கூடமாட வேலை செய்வார். முழங்கைக்குக் கீழே அங்கங்கே நீலம் பாரித்திருந்தது, அடிபட்ட மாதிரி.

தனியாகப் பேச வேண்டும் என்றார் மேடம். அண்ணன் இருக்கட்டும், அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றாள் அவள்.

மேஸ்திரியின் கத்தரிக்கோல் நின்றது. மேடம் கட்டிலின் மேல் பதிவேட்டை வைத்ததைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மேடம் எதையும் விடாமல் சொன்னார். குப்பிகள், பல்வலி, மாதுளம்பழம், படிவத்தில் காணாமல் போன கட்டம். அவள் தனியாகப் போனால் என்ன ஆகும், மற்றவர்களோடு போனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். பதிவேடு இல்லாமல் போனால் கையில் இருப்பது ஆஸ்பத்திரிச் சீட்டுகள் மட்டும்தான்; ஒரு நூல் அளவுக்குத்தான் நம்பிக்கை, அதையும் நான் நம்பவில்லை என்றார். நாளைக் காலை வக்கீலிடம் எதைக் கொடுப்பது என்று நீதான் சொல்ல வேண்டும் என்றார்.

தையல்காரி மடியில் இருந்த சட்டைக் காலரை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் கேட்டீங்களாண்ணே?"

"நான்தாம்மா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. எட்டு மாதமாக இந்த அறையில் வந்து உட்கார்ந்தவர்கள், சாவுக்கு வந்து அழுதவர்கள், வழக்குக்குக் கையெழுத்துப் போட அவள் வீடு வீடாகப் போனபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் கட்டிலில் கிடந்து, எனக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டபோது பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். அவனும் சொல்லவில்லை.

மேஸ்திரி எழுந்து நின்றார். தனியா ஜெயிச்சுக்கோம்மா, நாங்க யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம் என்றார்.

அவள் அவரைப் பார்க்காமல் மேடத்திடம் சொன்னாள்:

"அவர் இவங்களுக்காகக் குடுத்தார் மேடம். தப்போ சரியோ, குடுத்துட்டார். அதையே எடுத்துட்டுப் போய் நான் இவங்களுக்கு எதிரா வெச்சா, அவர் குடுத்ததுக்கு என்னதான் மிச்சம்?"

பிறகு மறுபடியும் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள். பேச்சு முடிந்தது என்பது அதன் அர்த்தம். மேஸ்திரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரேடியோ தெரு முனை வரைக்கும் மேடத்தோடு சண்டை பிடித்தான். அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், எப்படியும் தோற்கப்போகிறவர்களுக்காக ஜெயிக்கிறவளும் ஏன் தோற்க வேண்டும் என்றான். மேடம் அவன் சொன்னது சரி என்றார். சரி என்று அவர் சொன்னது அவனுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நடக்க முடியாத இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடம் போதாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள். மேடம் கடைசி வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் பதிவேடு. தையல்காரி மனம் மாறினால் ஒரு விநாடி தாமதமாகிவிடக் கூடாது என்று எடுத்து வந்திருந்தார்.

குடும்பங்களின் வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அடுக்கினார். கம்பெனி வக்கீல் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. இந்த நோய் பசை தொடாதவர்களுக்கும் வருகிறது, புகை பிடிப்பவர்களுக்கு வருகிறது, காரணமே தெரியாமலும் வருகிறது என்றார். கடைசியாக அந்த ஒற்றைத் தாளை நீட்டினார். எல்லோரும் நலம்.

இதற்கு மாறாக ஏதாவது ஆவணம் உண்டா என்று நீதிபதி கேட்டார். வக்கீல் திரும்பி மேடத்தைப் பார்த்தார். மேடம் தையல்காரியைப் பார்த்தார். ரேடியோவும் பார்த்தான். அவன் மனசுக்குள் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

"ஆவணம் ஏதும் இல்லை," என்றார் வக்கீல்.

உணவு இடைவேளைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. தொழிலாளர் குடும்பங்களுக்கு நீதிமன்றத்தின் அனுதாபம். வராந்தாவில் இருந்தவர்களுக்கு உள்ளே சொன்னது கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கம்பெனி வக்கீல், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் வெளியேறும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் மேஸ்திரி தையல்காரியின் முன்னால் வந்து நின்றார். முந்தின நாள் காலையிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். நீலம் இப்போது முழங்கைக்கு மேலேயும் ஏறியிருந்தது.

"ரத்தம் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

அவர் இல்லை என்றார். தொழிற்சாலை மூடியதிலிருந்து பார்க்கவில்லை. அதற்கு முன்னாலும் அவருடைய ரத்தத்தை யார் பார்த்தார்கள்.

"போய்ப் பாருங்க. உங்க ரத்தத்தைக் குடுத்துப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

மேஸ்திரி மறுநாளே போனார். திங்கட்கிழமை மதியம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மேடம் தாளை வாங்கி ரேடியோவிடம் கொடுத்தார்.

ரேடியோ முதலில் பெயரை வாசித்தான், பெயர் சரிதானா என்று கேட்டான். சரிதான் என்றார் மேஸ்திரி. வயதை வாசித்தான். அதுவும் சரி. பிறகு வேறு வாசிக்க ஒன்றும் இல்லாமல், வழக்கமான அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தான்.

"வெள்ளை அணு, ஆயிரத்து நானூறு."